மலை ஏறுங்கள், கையேந்தாதீர்கள்



உடன்குடியில் மலை கிடையாது. சுற்றிலும் பனங்காடு, ஒரு பக்கம் குலசேகரன்பட்டினத்துக் கடல், இன்னொரு பக்கம் செம்மணல் தேரி. மலையே இல்லாத இந்தப் பகுதியில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் மலை மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறார்கள். தேரி மணலில் ஓடிப் பழகினால் மலை ஏற்றம் லேசாக இருக்கும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு சரியானதுதான். ஆனால் அவர்கள் எங்களிடம் கேட்டது வேறு. மலைவாசத்தலம் ஒன்றில் ஓடி, ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் நன்கொடை வாங்கி, அந்தப் பணத்தில் ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களுக்குப் பாயும் போர்வையும் நோட்டும் வாங்கித் தரலாமா என்று கேட்டார்கள்.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஓடுங்கள். மலை நமக்கும் சொந்தம். நிதி திரட்டுவதும் எல்லா நேரத்திலும் தவறல்ல. ஆனால் அரசு தன் கடமையாகத் தர வேண்டிய பாயை நாம் மலை ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்தால், அந்தப் பாய் ஏன் இல்லாமல் போனது என்ற கேள்வி செத்துவிடும். கேள்வி செத்த இடத்தில் கருணை முளைக்கும். அதை நாங்கள் எதிர்க்கிறோம்.

இந்த ஓட்டம் எங்கிருந்து வந்தது?

உடம்பை வருத்தி மலைப்பாதையில் நடந்தோ ஓடியோ தர்ம காரியத்துக்குப் பணம் சேர்க்கும் வழக்கம் உலகம் முழுக்க உண்டு. அதில் பெயர் பெற்றது 'டிரெயில்வாக்கர்'. 1981-இல் ஹாங்காங்கில், பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா சிப்பாய்களுக்கான பயிற்சியாகத் தொடங்கியது. மேக்லஹோஸ் மலைப்பாதையில் 100 கிலோமீட்டர். 1986 முதல் பொதுமக்களும் சேர்ந்தார்கள். ஆக்ஸ்பாம் அமைப்பு அதை நிதி திரட்டும் நிகழ்வாக வளர்த்தது. நான்கு பேர் ஒரு அணி, 48 மணி நேரத்துக்குள் 100 கிலோமீட்டரை முடிக்க வேண்டும். 2012-இல் இது பெங்களூருக்கும் வந்தது. மென்பொருள் நிறுவன ஊழியர்கள் அணி அணியாகப் பதிவு செய்தார்கள்.

இன்று இந்தியாவில் ஓட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2004-இல் தொடங்கிய மும்பை மாரத்தான் தொண்டு நிறுவனங்களுக்காக ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் திரட்டுகிறது. கோவை மாரத்தான் புற்றுநோய்க்கான அறக்கட்டளைக்காக நடக்கிறது. லடாக்கின் கார்துங் லா கணவாய் வழியாக 72 கிலோமீட்டர் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் ஊட்டியிலும் ஏற்காட்டிலும்கூட மலை ஓட்டங்கள் நடக்கின்றன.

ஓடுகிறவர்கள் மீது எங்களுக்குக் கோபமில்லை. 100 கிலோமீட்டர் நடந்து, கால் நகம் பெயர்ந்து, அந்த வலியில் யாரோ ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பணம் சேர்க்கிறவரை நாங்கள் எப்படிக் கேலி செய்வோம்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தலித், பழங்குடி, இஸ்லாமிய மக்களிடையே வேலை செய்த, இந்தியாவின் ஏற்றத்தாழ்வு பற்றி ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்ட ஆக்ஸ்பாம் இந்தியாவுக்கு 2022 ஜனவரி முதல் வெளிநாட்டு நிதி பெறும் பதிவைப் புதுப்பிக்க ஒன்றிய அரசு மறுத்தது. அலுவலகத்தில் ஒரு கோப்பு திரும்பியது, பல மாநிலங்களில் வேலைகள் ஆட்டம் கண்டன. எத்தனை நல்ல மனசுக்காரர்கள் எத்தனை மலை ஏறியிருந்தாலும், நன்கொடையின் கதி இதுதான். கொடுக்கிறவர் மனசு மாறினால் நிற்கும். கொடுக்கிற வழியை அரசு அடைத்தாலும் நிற்கும். பெற்றுக்கொண்டவர் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது.

வேஷத்தைக் கலைக்க முடிந்தவர்களும் முடியாதவர்களும்

நம் பகுதிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. குலசை தசரா நமக்குத் தெரியும். விரதம் இருந்து, வேஷம் கட்டி, ராஜாவாக, போலீஸாக, காளியாக, பிச்சைக்காரராக வீடு வீடாகப் போய்த் தர்மம் எடுத்து, அந்தக் காணிக்கையை முத்தாரம்மன் கோயிலில் சேர்ப்பார்கள். பிச்சைக்காரர் வேஷம் கட்டியவர் நல்ல வசதிக்காரராகக்கூட இருப்பார். சில நாள் வெறுங்காலோடு நடப்பார், கையேந்துவார், பிறகு வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். அது அவருடைய நேர்த்திக்கடன். அதில் நாங்கள் தலையிடவில்லை.

மலை மாரத்தானும் ஒரு வகை நேர்த்திக்கடன்தான். ஒரு நாள் மூச்சு வாங்கும், தாகம் எடுக்கும், கால் வெடிக்கும். மறுநாள் ஓய்வு. ஆனால் யாருக்காக அந்தப் பணம் திரட்டப்படுகிறதோ அவர்களுக்கு மறுநாள் ஓய்வு கிடையாது. அவர்கள் கட்டியிருப்பது வேஷமல்ல, கலைக்கவும் முடியாது. சேரியில் பிறந்த பிள்ளை விடுதியில் ஓட்டைப் பாயில் படுப்பது யாருடைய நேர்த்திக்கடன்?

நம் உடம்புகள் ஓடாத நாள் எது?

உடன்குடி என்றால் கருப்பட்டி. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அந்தக் கருப்பட்டிக்குப் பின்னால் இருக்கும் உடம்பைக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஒரு பனை 40 அடி என்று வைத்துக்கொள்வோம். பதநீர்ப் பருவத்தில் ஒருவர் நாளுக்கு 30 மரம் ஏறுகிறார், காலையும் மாலையுமாக இரண்டு தடவை. மொத்தம் 2,400 அடி. மூன்று நாளில் 7,200 அடி, கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரம். பருவம் முழுக்க இப்படி ஏறுகிற பனையேறிக்குப் பதக்கம் உண்டா? முடிக்கும் கோட்டில் கைதட்ட யாராவது நிற்கிறார்களா? விழுந்தால் இடுப்பு முறியும். அவ்வளவுதான்.

அங்கிருந்து வடக்கே வந்தால் ஆறுமுகநேரி முதல் தூத்துக்குடி வரை உப்பளங்கள். வெயில் கொதிக்கும் பாத்திகளில் நம் பெண்கள் உப்பு வாருகிறார்கள், சுமக்கிறார்கள். மழைக்காலத்தில் வேலை இல்லை, கூலியும் இல்லை. அந்த மாதங்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அது யாரும் மாரத்தான் ஓடி வந்த பணமல்ல. உப்பளத் தொழிலாளர் வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு வாங்கியது. தொகை போதாது, அது வேறு சண்டை. ஆனால் வாங்கிய முறையைக் கவனியுங்கள்.

நம் பிள்ளைகள் ஓடாதவர்களும் அல்ல. எந்த ஊர் மைதானத்துக்கும் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். காவலர் தேர்வுக்கு ஆண்களுக்கு 1,500 மீட்டர், ஏழு நிமிடத்துக்குள். பயிற்சியாளர் இல்லை, நல்ல ஷூ இல்லை, பழைய சாதமும் தண்ணீரும் குடித்துவிட்டு ஓடுகிறார்கள். அவர்கள் ஓடுவது ஓர் அரசு வேலைக்காக. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கூலிக்கணக்கை முடித்துவைக்க ஓடுகிறார்கள்.

ஜெயித்தால் என்ன நடக்கும்? அதையும் பார்த்தோம். 2025 மார்ச்சில், இதே தூத்துக்குடி மாவட்டத்தில், ஸ்ரீவைகுண்டம் அருகே பதினோராம் வகுப்பு படிக்கும் நம் பிள்ளை ஒருவன் தேர்வு எழுதப் பஸ்ஸில் போனான். பஸ்ஸை மறித்து அவன் கையை வெட்டினார்கள், விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவன் அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். இதே மாவட்டத்து மணத்தியிலிருந்து கிளம்பி, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கினார் கணேசன். அவர் போன பாதையில் இன்னொரு பிள்ளை போக முயன்றால் முப்பது வருடம் கழித்தும் அரிவாள் காத்திருக்கிறது.

ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது சாந்தி சௌந்தரராஜனை மறந்துவிட்டுப் பேச முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது, ஊர் உலகத்தின் முன் அவர் அவமானப்படுத்தப்பட்டார். தமிழ்நாடு அரசு கொடுத்த பரிசுப் பணத்தைக்கூடக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தரச் செலவிட்டார். 2012-இல் அவர் மறுபடி செங்கல் சூளையில் வேலை செய்வதாகச் செய்தி வந்தது. அதன் பிறகுதான், பல வருடப் போராட்டத்துக்குப் பின், பயிற்சியாளர் வேலை வந்தது. தர்மத்துக்காக ஓடுகிறவர்களைக் கொண்டாடும் இந்த நாடு, நாட்டுக்காக ஓடிய நம் பெண்ணை எங்கே அனுப்பியது என்று கேளுங்கள்.

50 ரூபாயும் 35,534 கோடியும்

இனி பணத்தைப் பேசுவோம். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவருக்கு உணவுக் கட்டணம் 2023-இல் 1,100 ரூபாயிலிருந்து மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதாவது நாளுக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கும் சேர்த்து. மலை ஓட்டத்துக்கென்று விற்கும் வெளிநாட்டு ஷூ ஒரு ஜோடி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. அந்த ஒரு ஜோடி ஷூவின் விலையில் ஒரு விடுதி மாணவர் ஆறு மாதம் சாப்பிடுகிறார். ஷூ வாங்குகிறவரைக் குற்றவாளி ஆக்க இதைச் சொல்லவில்லை. நாளுக்கு 50 ரூபாய் போதும் என்று முடிவு செய்தது யார் என்று கேட்கவே சொல்கிறோம்.

அடுத்த கணக்கு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகையில் ஒன்றிய அரசு தன் பங்கைச் சுருக்கிக்கொண்டே போனது. மாநிலங்கள் கைவிரித்தன. பல கல்லூரிகள் பிள்ளைகளின் சான்றிதழைப் பிடித்து வைத்தன. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்த பிறகு, 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது: ஐந்து ஆண்டுக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய். அதில் 60 விழுக்காடு, 35,534 கோடி, ஒன்றிய அரசின் பங்கு. ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் திரட்டுகிறார் என்று வைத்தாலும், இந்த 35,534 கோடியைச் சேர்க்க 35 லட்சம் பேருக்கு மேல் மலை ஏற வேண்டும். எந்த மலை அவ்வளவு பேரைத் தாங்கும்?

மூன்றாவது கணக்கு. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 20 விழுக்காடு நாம், 2011 கணக்கெடுப்பின்படி. அந்த அளவுக்கு வளர்ச்சி நிதியில் பங்கு ஒதுக்க வேண்டும் என்பதுதான் சிறப்பு உட்கூறுத் திட்டம். ஒதுக்கிய பணம் வேறு பக்கம் போகிறது என்ற குற்றச்சாட்டு பழையது. 2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கு இந்த நிதி திருப்பப்பட்டதாக எழுந்த புகாரில், தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் தமிழ்நாடு அரசிடம் விளக்கம் கேட்டது. அந்தத் தொகை நம் பெண்களுக்கும் போகிறதே என்று வாதாடுவார்கள். எல்லாப் பெண்களுக்கும் பொதுவாகத் தர வேண்டியதைப் பொது நிதியில் தர வேண்டும், நம் பங்கிலிருந்து எடுத்து நமக்கே கொடுப்பது என்ன நியாயம்? 2024 ஜூனில் பட்டியல் சாதி, பழங்குடி மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கான சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. சட்டம் வேண்டும் என்று பல வருடம் தெருவில் நின்றவர்கள் பெற்ற வெற்றி அது. காகிதத்தில் இருக்கும் அந்தச் சட்டத்தை உடன்குடி விடுதிப் பாய் வரைக்கும் இழுத்து வருவது யார் வேலை? உங்கள் வேலை, எங்கள் வேலை.

நிறுவனங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. மாரத்தான் பனியனில் பெயர் போடும் பெரிய நிறுவனங்கள் 2013 கம்பெனிகள் சட்டப்படி, சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழித்தே ஆக வேண்டும். அது அவர்களின் சட்டக் கடமை. ஆனால் மேடையில் அது 'பெருந்தன்மை' ஆகிவிடுகிறது. அவர்கள் கடமையைக் கருணை என்று பெயர் மாற்றுகிறார்கள், நம் உரிமையையும் கருணை என்று பெயர் மாற்றுகிறார்கள். இரண்டு பெயர் மாற்றத்துக்கும் நம் பிள்ளைகளின் படம் போட்ட பேனர்தான் விளம்பரம்.

பரோடா தந்ததும் பரோடா தராததும்

"அம்பேத்கரே உதவித்தொகையில் படித்தவர்தானே?" என்று கேட்பார்கள். ஆமாம். 1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகையில்தான் அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். மன்னர் நல்லவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் படித்துவிட்டு 1917-இல் பரோடாவுக்கே வேலைக்குத் திரும்பியபோது, அந்த ஊரில் அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கியவரைத் தடியோடு வந்து விரட்டினார்கள். மன்னரின் கருணையால் ஒருவரைக் கடல் தாண்டி அனுப்ப முடிந்தது, தன் தலைநகரில் ஓர் அறை வாங்கித் தர முடியவில்லை.

பாபாசாகேப் அதிலிருந்து என்ன கற்றார் என்பதுதான் முக்கியம். தான் வளர்ந்த பிறகு நல்ல மன்னர்களைத் தேடிப் பட்டியல் போடவில்லை. 1942-இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், நம் மக்களின் குறைகளை எழுதிக் கொடுத்து, உயர்கல்விக்கு அரசே பணம் ஒதுக்க வேண்டும் என்று வாதாடினார். 1944-இல் தொடங்கிய அந்த உதவித்தொகைதான் இன்றைய போஸ்ட் மெட்ரிக் திட்டத்தின் வேர். தனக்குத் தர்மமாக வந்ததை அடுத்த தலைமுறைக்கு அரசின் கடமையாக மாற்றினார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நாம் அந்தப் பாதையில் பின்னோக்கி ஓடலாமா?

இன்னொரு பாடமும் நம் கடற்கரையே சொல்லித் தந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு உலகம் முழுவதிலுமிருந்து பணம் கொட்டியது. அப்படிக் கொட்டிய இடத்திலேயே, நாகப்பட்டினம் பகுதி முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதையும், பொதுத் தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் எடுக்க விடாமல் தடுக்கப்பட்டதையும் பத்திரிகைகளும் மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்தன. பணம் வந்துவிட்டால் சாதி ஒதுங்கிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். கருணை ஊருக்குள் வரும்போது ஊரின் வழியாகத்தான் வருகிறது. சேரிக்கு வந்து சேரும்போது மிச்சம் மீதிதான்.

உரிமை எப்படி வரும் என்பதற்கு ஓர் உதாரணம். சாக்கடைக் குழியில் இறந்த தூய்மைத் தொழிலாளியின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உண்டியல் குலுக்கினால் அந்தப் பெண்ணுக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ கிடைக்கும், கூடவே ஒரு போட்டோவும். சட்டத்தைப் பிடித்தால் 30 லட்சம், யாரிடமும் நன்றி சொல்லத் தேவையில்லை.

"அப்படியானால் பசித்த பிள்ளை அதுவரை காத்திருக்கணுமா?"

நியாயமான கேள்வி. நாங்களும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி இந்த மாவட்டமே மூழ்கியது. அப்போது அரிசியும் தண்ணீரும் சுமந்து இடுப்பளவு வெள்ளத்தில் போன பிள்ளைகளிடம் "முதலில் மனு போடு" என்று யாராவது சொல்வார்களா? உயிர் போகிற நேரத்தில் உதவி, உதவிதான். வெட்டுப்பட்டவரின் மருத்துவத்துக்கு, வழக்கு நடத்த, சேரியில் மாலைநேரப் பள்ளி நடத்த நமக்குள் நாமே பணம் போடுவதும் தர்மம் இல்லை. அது சுயமரியாதை.

அதனால் நாங்கள் நிதி திரட்டவே கூடாது என்று சொல்லவில்லை. மூன்று நிபந்தனை வைக்கிறோம். ஒன்று, யாருக்காகத் திரட்டுகிறோமோ அவர்களே எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாயைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கக் கூடாது. இரண்டு, அரசு தர வேண்டியதற்கு நாம் பணம் திரட்டினால், அதே நாளில் அரசிடம் அதே பொருளைக் கேட்டு மனுவும் போட வேண்டும். மூன்று, பத்து ரூபாய் வாங்கினாலும் கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும். இந்த மூன்றையும் ஏற்கிறவர்கள் தாராளமாக ஓடட்டும். முதல் கைதட்டு எங்களுடையது.

நம் மலைகள், நம் நீண்ட நடைகள்

மலை நமக்குப் புதிதல்ல. 2014 மே 25-இல் எவரெஸ்ட் உச்சியில் நின்றவர்கள் யார் தெரியுமா? அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் சமூகநல உறைவிடப் பள்ளி மாணவர்கள் இரண்டு பேர். பழங்குடிச் சிறுமி மாலாவத் பூர்ணா, வயது 13. தலித் மாணவர் ஆனந்த் குமார். போங்கிர் பாறையில் ஏறிப் பழகி, டார்ஜிலிங்கிலும் லடாக்கிலும் பயிற்சி எடுத்து, அம்பேத்கர் படத்தோடு மலை ஏறினார்கள். யாரிடமும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கேட்கவில்லை. அந்தப் பள்ளிகளின் செயலாளராக இருந்த பிரவீன் குமார், நலப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எவரெஸ்டும் உரிமைதான் என்று முடிவு செய்தார். பொதுப்பணம் அதற்குச் செலவானது. தமிழ்நாட்டு விடுதிகளில் ஒரு ஓட்டப் பயிற்சியாளரையாவது கேட்க நமக்கு ஏன் வாய் வரவில்லை?

நீண்ட தூரமும் நமக்குப் புதிதல்ல. மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்கக் கோரி 1979-இல் நாக்பூரிலிருந்து ஔரங்காபாத் நோக்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார்கள் நம் மக்கள். அடிபட்டார்கள், சிறை போனார்கள். 1994 ஜனவரி 14-இல் பெயர் மாறியது. பதினைந்து வருடம் எடுத்த மாரத்தான் அது.

நமக்குப் பக்கத்திலேயே மாஞ்சோலை இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த 8,374 ஏக்கர் காட்டில், தேயிலைக் கூடையோடு தினமும் சரிவில் ஏறி இறங்கியவர்களில் பெரும்பாலானோர் ஒடுக்கப்பட்ட மக்கள். கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடுவிக்கக் கேட்டும் 1999 ஜூலை 23-இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் தள்ளியது. 17 பேர் இறந்தார்கள், ஒன்றரை வயதுக் குழந்தையும் சேர்த்து. 2024-இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் மிச்சமிருந்தவர்களையும் மலையைவிட்டு இறங்கச் சொன்னார்கள். மலைப்பாதையின் அழகைப் பற்றிப் பேசும் எந்த ஓட்டக்காரரும், அந்தப் பாதையில் தலைமுறை தலைமுறையாக நடந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு தடவை கேட்க வேண்டும்.

பயிற்சி அட்டவணை

எனவே பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை, கூட்டச் சொல்கிறோம். வாரம் நான்கு நாள் தேரியில் ஓடுங்கள். கூடவே இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம்: தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு. உங்கள் வட்டத்தில் எத்தனை ஆதிதிராவிடர் நல விடுதிகள், எத்தனை பிள்ளைகள், கடந்த மூன்று ஆண்டில் பாய், போர்வை, கழிப்பறைப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவழித்தார்கள்? 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. இதுவும் மூச்சுப் பயிற்சிதான், பழகினால் வரும்.

இரண்டாவது மாதம்: வன்கொடுமைத் தடுப்பு விதிகள்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்பு, கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். நம் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது? என்ன பேசியது? கேளுங்கள்.

மூன்றாவது மாதம்: விடுதிக்கு நேரில் போங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களுக்கு என்ன தேவை என்று அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள். பாய்தான் தேவை என்று நாம் நினைத்திருப்போம். அவர்கள் நூலகமோ, பெண்கள் விடுதிக்கு இரவுக் காவலரோ, ஓட மைதானமோ கேட்கக்கூடும்.

நான்காவது மாதம் ஓடுங்கள். ஆனால் மலைவாசத்தலத்துக்குப் போவதற்கு முன் ஒரு ஓட்டம் இங்கே நடக்கட்டும். முறைப்படி அனுமதி வாங்கி, உடன்குடியில் கிளம்பி, திருச்செந்தூர், ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி, உப்பளங்கள் வழியாகக் கோரம்பள்ளத்தில் இருக்கும் ஆட்சியர் அலுவலகம் வரை. 50 கிலோமீட்டருக்கு மேல் வரும். அணி பிரித்து மாறி மாறி ஓடலாம். வழியில் இருக்கும் ஒவ்வொரு குடியிருப்பிலும் நின்று தண்ணீர் குடியுங்கள், ஊரிலும் சேரியிலும் ஒரே குவளையில். நன்கொடை கேட்காதீர்கள், கையெழுத்து கேளுங்கள். கிலோமீட்டருக்கு நூறு கையெழுத்து என்றால் ஐயாயிரம் பேரின் பெயர் உங்கள் கையில் இருக்கும்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். வேர்வை காயாத பனியனோடு வரிசையில் நின்று அந்த மனுவைக் கொடுங்கள். மறக்காமல் ரசீது வாங்குங்கள்.

ஜெய்பீம்!